பந்து காலில் இருப்பவனுக்கு மட்டும் தடை

(ஹட்டனில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தலைப்பைச் சொன்னபோது அமைப்பாளர்களில் ஒருவர், "சேர், உதைபந்தாட்டத்தைப் பற்றியா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். அறக்கட்டளைச் சொற்பொழிவு என்றால் சிலப்பதிகாரம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தோட்டத் தொழிற்சங்க முன்னோடி கோ. நடேசய்யராவது இருக்க வேண்டும். நடேசய்யர் வருவார். சிலப்பதிகாரத்துக்கு உத்தரவாதம் இல்லை.

இங்கிருந்து கொஞ்சத் தூரத்தில் இருக்கும் நோர்வூட் மைதானத்தை எல்லோருக்கும் தெரியும். 2017 மே 12ஆம் திகதி இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி அங்கேதான் பேசினார். மலையகத்துக்கு மேலும் 10,000 வீடுகள் என்று அறிவித்ததும் அங்கேதான். மூன்று வருடம் கழித்து, 2020 மே 31ஆம் திகதி, கொரோனாக் கட்டுப்பாடுகளுக்கு நடுவில், ஆறுமுகன் தொண்டமானின் உடலைத் தகனம் செய்ததும் அதே மைதானத்தில். அந்த இரண்டு நாட்களிலும் "விளையாட்டு இடத்தில் அரசியல் எதற்கு?" என்று யாரும் கேட்கவில்லை. கேட்பதில் நியாயமும் இல்லை. இந்த மலைகளில் அத்தனை ஆயிரம் பேர் காலூன்றி நிற்கச் சமதரை வேறு எங்கே இருக்கிறது?

ஆனால் அதே மைதானத்தில் நாளைக்கு ஒரு சுற்றுப்போட்டி நடக்கிறது என்று வையுங்கள். ஒரு பையன் கோல் போடுகிறான். ஜேர்சியைக் கழற்றுகிறான். உள்ளே போட்டிருக்கும் பெனியனில் "எங்களுக்கு ஏழு பேர்ச்சஸ் காணி எங்கே?" என்று மார்க்கர் பேனையால் எழுதியிருக்கிறான். ஜேர்சியைக் கழற்றியதற்கு நடுவர் மஞ்சள் அட்டை காட்டியே ஆக வேண்டும். அது விளையாட்டு விதிகளின் பன்னிரண்டாம் பிரிவு. வாசகத்துக்குத் தண்டனையைப் போட்டியை நடத்துபவர்கள் தீர்மானிப்பார்கள். அது நான்காம் பிரிவு. உடையில் அரசியல், சமய, தனிப்பட்ட வாசகம் எதுவும் கூடாது என்கிறது அந்தப் பிரிவு. மேடை போட்டுப் பேசுகிறவருக்குத் திறந்துவிட்ட மைதானம், பந்து காலில் இருப்பவனுக்கு மட்டும் வாயை மூடச் சொல்கிறது. இன்று நான் சொல்ல வந்தது இதைத்தான். மீதி நேரம் இதைச் சுற்றித்தான் நடப்பேன்.

மலையகத்தில் மைதானம் ஒருநாளும் அப்பாவியாக இருந்ததில்லை. டிக்கோயாவில் டரவெல, நானுஓயாப் பக்கம் ரதெல்ல. துரைமார் கிரிக்கெட்டும் ரக்பியும் ஆடிய கழகங்கள் இவை. காட்டை வெட்டியதும் கல்லைப் புரட்டியதும் யார் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. சமப்படுத்திய தரையில் யார் ஆடினார்கள் என்பதும் தெரியும். தோட்டத்துப் பிள்ளைக்கு மிஞ்சியது கோயில் முற்றமும் பெரட்டுக்களமும். பந்து ஒருமுறை வெளியே போனால் கீழ்மலையில் தேயிலைச் செடிகளுக்குள் இறங்கி, கானுக்குள் விழுந்து, ஓடையில் போய்த்தான் நிற்கும். அதனால் ஓங்கி அடிப்பவனைவிடப் பந்தைக் காலடியிலேயே வைத்திருப்பவனுக்குத்தான் நம்மிடம் மரியாதை அதிகம். இது என் ஊகம்தான். உதைபந்தாட்டப் பயிற்றுநர்கள் யாராவது இருந்தால் திருத்துங்கள்.

பெரட்டுக்களம் என்றேன். விடியற்காலையில் தப்பு அடித்துக் கூப்பிட்ட காலத்தில் பேர் கொடுக்கவும், எந்த மலைக்குப் போக வேண்டும் என்று தெரிந்துகொள்ளவும் சனங்கள் வரிசையில் நின்ற இடம். பிந்தி வந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். துரை வரும்போது தலைத்துணியை அவிழ்ப்பதும், கையைக் கட்டி நிற்பதும், ஓரமாக ஒதுங்குவதும் சைகைகள்தாம். யாரும் வாய்திறந்து பேசாமலே, யார் மேலே யார் கீழே என்பதை அவை நாள்தோறும் சொல்லிக்கொண்டிருந்தன.

உத்தரவின்பேரில் செய்யும் சைகைக்கு உதைபந்தாட்டத்திலும் உதாரணம் இருக்கிறது. 1938 மே 14, பேர்லின் ஒலிம்பிக் மைதானம். ஜேர்மனியோடு ஆட வந்த இங்கிலாந்து வீரர்கள் வரிசையில் நின்று நாஜி வணக்கம் செலுத்தினார்கள். ஸ்டான்லி மத்தியூசும் அந்த வரிசையில் இருந்தார். மேலிடத்துக்கு ஜேர்மனியின் மனம் நோகக்கூடாது. வீரர்களுக்குக் கட்டளை போனது. ஆட்டத்தை இங்கிலாந்து 6–3 என்று வென்றது. இன்று அந்தக் கோல்களைக் கேட்பார் இல்லை. உயர்ந்த கைகளின் படத்தைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். கவனியுங்கள்: அன்று அரசியலை மைதானத்துக்குக் கொண்டுவந்தவர்கள் வீரர்கள் அல்ல. அரசியலை மைதானத்திலிருந்து ஒதுக்கி வைக்க வேண்டும் என்று வழக்கமாக உபதேசிக்கும் அதே தரப்பு.

நல்ல நோக்கத்துக்கான சைகையும் கட்டளையாக வந்தால் பெரட்டாகிவிடும். 2021 ஒக்டோபரில், ரி20 உலகக் கிண்ணப் போட்டியின் நடுவில், தென்னாபிரிக்க வீரர்கள் எல்லோரும் இனவாதத்துக்கு எதிராக முழந்தாளிட வேண்டும் என்று அந்நாட்டுக் கிரிக்கெட் சபை பணித்தது. குயின்டன் டி கொக் மேற்கிந்தியத் தீவுகளுடனான ஆட்டத்திலிருந்தே விலகினார். பிறகு மன்னிப்புக் கேட்டு முழந்தாளிட்டார். அவர் மறுத்தது எனக்குப் பிடிக்கவில்லை. சபை கட்டளையிட்டது அதைவிடப் பிடிக்கவில்லை.

யாரும் சொல்லாமல் தானாகச் செய்த சைகைக்கு வருவோம். இதில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு தொழிலாளர் கதை.

லிவர்பூல் துறைமுகத்தில் 1995 செப்டெம்பரில் சுமார் 500 தொழிலாளர்களை வேலையிலிருந்து நீக்கினார்கள். செய்த குற்றம்: வேறொரு கம்பனியின் தொழிலாளர்கள் போட்டிருந்த மறியலைத் தாண்டி உள்ளே போக மாட்டோம் என்றது. அந்த மறியலில் சிலருடைய சொந்தப் பிள்ளைகளே நின்றார்கள். போராட்டம் ஒன்றரை வருடமாக இழுத்துக்கொண்டிருந்தது. பத்திரிகைகளுக்குச் சலித்துவிட்டது. 1997 மார்ச் 20ஆம் திகதி, ஐரோப்பியப் போட்டியொன்றில், நோர்வேயின் பிரான் அணிக்கு எதிராகக் கோல் போட்ட ரொபி பவுலர் ஜேர்சியைத் தூக்கினார். உள்ளே வேலை நீக்கப்பட்டவர்களுக்கு ஆதரவான டீசேர்ட். 'டொக்கர்ஸ்' என்ற சொல்லின் நடுவில் இருக்கும் 'சி', 'கே' என்ற எழுத்துகளைக் கல்வின் கிளைன் கம்பனியின் அடையாளம் போலவே பெரிதாக வரைந்திருந்தார்கள். விளம்பரம் மட்டும் அனுமதிக்கப்பட்ட நெஞ்சில், விளம்பரத்தின் வேடத்திலேயே தொழிலாளர் நுழைந்துவிட்டார்கள். துணி வியாபாரி வேடத்தில் தோட்டத்துக்குள் நுழைந்த நடேசய்யர் இதைப் பார்த்திருந்தால் சிரித்திருப்பார். பாருங்கள், வந்துவிட்டார்!

பவுலர் அந்த நகரத்தின் ரொக்ஸ்டெத் பகுதியில் பிறந்தவர். வேலையிழந்தவர்கள் அவருடைய ஊர்ச் சனங்கள். ஐரோப்பிய உதைபந்தாட்டச் சங்கம் அவருக்கு 2,000 சுவிஸ் பிராங் அபராதம் போட்டது. வேடிக்கை என்னவென்றால், நான்கு நாள் கழித்து ஆர்சனலுக்கு எதிரான ஆட்டத்தில், தன்னை எதிரணிக் கோல்காப்பாளர் விழுத்தவில்லை, தண்டனை உதை வேண்டாம் என்று நடுவரிடம் அவர் சொன்னார். அதற்காகப் பீபாவிலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. எதிரணிக்கு நேர்மை காட்டினால் பாராட்டு. வேலை போனவனுக்குக் காட்டினால் அபராதம்.

அந்தத் தொழிலாளர்கள் தோற்றுத்தான் போனார்கள். 1998 ஜனவரியில் நட்டஈட்டை வாங்கிக்கொண்டு போராட்டத்தை முடித்தார்கள். வேலை திரும்பக் கிடைக்கவில்லை. டீசேர்ட் எதையும் வென்று கொடுக்கவில்லை. பத்திரிகைகள் கைவிட்ட ஒரு போராட்டத்தை ஓர் இரவுக்கு உலகத்தின் கண்முன் நிறுத்தியது. ஒரு வீரனிடம் அதற்கு மேல் எதிர்பார்ப்பது நியாயம் இல்லை என்பது என் எண்ணம். போராட்டத்தை நடத்த வேண்டியவர்கள் போராடுகிறவர்கள்தாம். முதலில் வெளியே ஒரு மறியல் இருக்க வேண்டும். பிறகுதான் உள்ளே ஒரு டீசேர்ட்.

நம்மிடம் மறியலுக்குக் குறைவில்லை. 1940 ஜனவரியில் முல்லோயாவில் கோவிந்தன் சுட்டுக் கொல்லப்பட்டார். 1977 மே மாதம் டெவன் தோட்டத்தில், காணியைப் பறிப்பதற்கு எதிராக நின்ற சிவனு லெட்சுமணன் சுடப்பட்டார். 2018 ஒக்டோபரில் கறுப்பு உடை அணிந்த மலையக இளைஞர்கள், நாட்சம்பளம் ஆயிரம் ரூபாய் கேட்டுக் காலிமுகத்திடலை நிறைத்தார்கள். அந்த ஆயிரம் வர்த்தமானியில் ஏற 2021 மார்ச் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மறியல் இருந்தது, ஜேர்சிதான் இல்லை. தொலைக்காட்சி கமெரா திரும்பிப் பார்க்கும் ஓர் உடம்பு நம்முடையதாக மைதானத்தின் நடுவில் இல்லை. துரைமார் பக்கத்திலிருந்து நம் பக்கம் வந்த பிரேஸ்கேர்டிலை 1937இல் நாடு கடத்த ஆளுநர் ஏன் அத்தனை அவசரப்பட்டார்? ஆயிரம் தொழிலாளர் சொன்னால் கேட்காததை, வெள்ளைக்காரன் ஒருவன் மேடையில் சொன்னதும் எல்லோருக்கும் கேட்டுவிட்டது. யார் சொன்னால் கேட்கும் என்பதில்தான் சைகையின் பலம் இருக்கிறது. அநியாயமும் அங்கேதான் இருக்கிறது.

கேட்கும்படி சொல்ல வீரனே வேண்டும் என்றும் இல்லை. 2020 ஜனவரி 19ஆம் திகதி, கொல்கத்தாவின் சோல்ட் லேக் மைதானத்தில் மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் மோதின. இந்தியாவின் குடியுரிமைச் சட்டத் திருத்தத்துக்கு எதிராகப் போராட்டம் நடந்துகொண்டிருந்த நேரம். ஈஸ்ட் பெங்கால் இரசிகர்கள் பலர் பிரிவினையில் கிழக்கு வங்கத்திலிருந்து அகதிகளாக வந்த குடும்பங்களின் பேரப்பிள்ளைகள். அவர்கள் பார்வையாளர் பகுதியில் ஒரு மாபெரும் பதாகையை விரித்தார்கள். இந்த மண்ணை இரத்தம் கொடுத்து வாங்கினோம், காகிதம் கொடுத்து அல்ல என்பது அதன் கருத்து.

இதை மலையகத்தில் நின்று சொல்லும்போது எனக்குக் குரல் கொஞ்சம் மாறுகிறது; பொறுத்துக்கொள்ளுங்கள். காகிதம் என்றால் என்ன என்று நமக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசிலிருந்து ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினோம். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. அடுத்த வருடம் வாக்கும் போனது. 1964 ஒக்டோபரில் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஆட்களைப் பங்கு பிரித்தார்கள். லயத்தில் ஒரு காம்பராவுக்கு அங்கே, பக்கத்துக் காம்பராவுக்கு இங்கே. அந்தக் காலத்தில் நமக்கென்று ஒரு பெரிய அணியும், நாம் நிறைந்திருக்கும் பார்வையாளர் பகுதியும் இருந்திருந்தால் என்ன விரித்திருப்போம் என்று நினைத்துப் பார்க்கிறேன். பிரேசிலில் சோக்ரடீஸ் ஆடிய கொரிந்தியன்ஸ் அணி 1982இல், இராணுவ ஆட்சிக்குள்ளேயே, நவம்பர் 15ஆம் திகதி வாக்களியுங்கள் என்று ஜேர்சியின் முதுகில் எழுதிக்கொண்டு ஆடியது. நமக்கு அப்படி எழுதவும் வழியிருக்கவில்லை, வாக்கே இல்லை.

சைகை எல்லாம் நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. 2023 ஜூலை 4ஆம் திகதி பெங்களூரில் தெற்காசியக் கிண்ணத்தை வென்ற இந்திய அணியின் ஜீக்சன் சிங், மெய்தெய் மக்களின் ஏழு நிறக் கொடியைப் போர்த்திக்கொண்டு பதக்கம் வாங்க வந்தார். மணிப்பூர் எரிந்துகொண்டிருந்தது. மணிப்பூரைக் கவனியுங்கள் என்று சொல்லத்தான் செய்தேன், யார் மனத்தையும் புண்படுத்த அல்ல என்றார். அவர் சொன்னதை நான் நம்புகிறேன். ஆனால் அந்த நெருப்பில் வீடிழந்த குக்கிக் குடும்பம் ஒன்று தொலைக்காட்சியில் அந்தக் கொடியை எப்படிப் பார்த்திருக்கும்? இரண்டு சமூகம் மோதும்போது ஒன்றின் கொடியை எடுப்பது, வேலை போனவனுக்காக டீசேர்ட் போடுவதைப் போன்றதல்ல. புலம்பெயர்ந்த இளைஞர்கள் 2012இல் தமிழீழ அணி என்று ஒன்றை அமைத்து, பீபாவில் இல்லாத அணிகளுக்கான போட்டிகளில் ஆடினார்களே, அங்கே தனியாக ஒரு சைகை தேவைப்படவில்லை. ஜேர்சியின் பெயரே போதும். 1958இல் பிரெஞ்சுக் கழகங்களை விட்டு இரகசியமாக வெளியேறி விடுதலை அணி அமைத்த அல்ஜீரிய வீரர்களின் வழி அது. ரஷீத் மெக்லூபி அந்த வருட உலகக் கிண்ணத்தில் பிரான்சுக்காக ஆட வேண்டியவர். அதை விட்டுவிட்டுப் போனார்.

சரி, முரளிக்கு வருகிறேன். வராமல் போனால் பின்வரிசை என்னை விடாது.

முத்தையா முரளிதரனின் பாட்டனார் தமிழகத்திலிருந்து தேயிலைத் தோட்டத்துக்கு வேலைக்கு வந்தவர். தகப்பன் கண்டியில் பிஸ்கட் தொழில் செய்தவர். 1999 ஜனவரி 23, அடிலெய்ட். இங்கிலாந்துக்கு எதிரான ஒருநாள் ஆட்டம். நடுவர் ரொஸ் எமர்சன், முரளி பந்தை எறிகிறார் என்று 'நோ போல்' அறிவித்தார். மூன்று வருடத்துக்கு முன் மெல்பனில் டெரல் ஹெயார் செய்தது மறுபடியும். கப்டன் அர்ஜுன ரணதுங்க நடுவரோடு விரலை நீட்டி வாதாடினார். பிறகு முழு அணியையும் அழைத்துக்கொண்டு எல்லைக் கோட்டை நோக்கி நடந்தார். ஆட்டம் நின்றது. கொழும்போடு தொலைபேசியில் பேசினார்கள். திரும்பி வந்து ஆடினார்கள். 302 ஓட்டங்களைத் துரத்தி ஒரு விக்கெட்டால் வென்றார்கள். ரணதுங்கவுக்கு அபராதம், ஒத்திவைத்த தடையும் கூட.

அப்போது நாட்டில் யுத்தம். சோதனைச் சாவடியில் தமிழ்ப் பெயருக்கு என்ன நடக்கும் என்று இந்த மண்டபத்தில் இருப்பவர்களுக்கு நினைவிருக்கும். அந்த வருடங்களில் ஒரு சிங்களக் கப்டன், தோட்டத் தொழிலாளியின் பேரனுக்காக அணியையே நடத்திக்கொண்டு வெளியே போனார். கப்டன் தன் முக்கிய பந்துவீச்சாளரைக் காப்பாற்றினார், அவ்வளவுதான், இதில் இனமும் இல்லை அரசியலும் இல்லை என்பவர்கள் இருக்கிறார்கள். இருக்கலாம். ஆனால் ஓர் உடம்பு எப்படி அசைய வேண்டும் என்று தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்ற கேள்வியைவிட அரசியலான கேள்வி என்ன இருக்கிறது? தமிழனுக்காக என்று சொல்லிக்கொண்டு அவர் செய்யவில்லை. அதனாலேயே அந்த நடை எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

முரளி தன் பங்குக்கு மைதானத்தில் எந்தச் சைகையும் செய்யவில்லை. மைதானத்துக்கு வெளியே செய்தார். அது நமக்குக் கசந்தது. 2019இல் கோட்டாபய ராஜபக்ஷவின் பக்கம் நின்றார். யுத்த முடிவைப் பற்றி அவர் சொன்னதில் தமிழ்நாடே கொதித்தது. 2020 ஒக்டோபரில், முரளியின் கதையைச் சொல்லும் '800' படத்திலிருந்து விஜய் சேதுபதி விலகினார். முரளியின் அரசியலோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் அவருடைய மௌனத்தைக் குற்றம் சொல்பவர்களோடும் நான் சேர மாட்டேன். வாய்திறக்காமல் இருக்கும் உரிமையும் வீரனுக்கு உண்டு. நமக்காகப் பேசு என்று கட்டளையிட்டால் நாமும் பெரட்டுத்தான் நடத்துகிறோம். 2009க்குப் பிறகும் மலையகத்துக்கு முகமாக ஒரே ஒருவரைத்தான் கேட்டுக்கொண்டிருந்தோம் என்றால், குறை அந்த ஒருவரிடம் இல்லை. இரண்டாவது ஆளை உருவாக்காத பாடசாலை மைதானங்களில் இருக்கிறது.

சைகைக்கு விலையும் உண்டு; எல்லோருக்கும் ஒரே விலை அல்ல. 2003 பெப்ரவரியில் ஹராரேயில் ஹென்றி ஒலொங்காவும் அன்டி பிளவரும் சிம்பாப்வேயில் ஜனநாயகம் செத்துவிட்டது என்று கறுப்புப் பட்டி கட்டினார்கள். இருவருடைய சர்வதேச ஆட்டமும் அந்த உலகக் கிண்ணக் கிரிக்கெட் தொடரோடு முடிந்தது; ஒலொங்கா நாட்டை விட்டே போக வேண்டியிருந்தது. 2022 கட்டார் உலகக் கிண்ணத்தில், மாஸா அமினியின் சாவுக்குப் பிறகு கொந்தளித்த நாட்டிலிருந்து வந்த ஈரான் அணி, முதல் ஆட்டத்தில் தேசிய கீதத்தைப் பாடாமல் நின்றது. இரண்டாவது ஆட்டத்தில் முணுமுணுத்தது. இடையில் என்ன நடந்திருக்கும் என்று ஊகிக்க ஆராய்ச்சி தேவையில்லை. அதே வாரம் ஜேர்மனி வீரர்கள் கையால் வாயைப் பொத்திப் படம் எடுத்தார்கள். துணிச்சல்தான். ஆனால் அவர்கள் ஊர் திரும்பியபோது விமான நிலையத்தில் பொலிஸ் நிற்கப் போவதில்லை. 2023 டிசம்பரில் உஸ்மான் கவாஜா, எல்லா உயிரும் சமம் என்று சப்பாத்தில் எழுத விரும்பினார். இனவாதத்துக்கு எதிராக முழந்தாளிடுவதை அனுமதித்த சர்வதேசக் கிரிக்கெட் சபை, அந்தச் சப்பாத்தை அனுமதிக்கவில்லை. கையில் கட்டிய கறுப்புப் பட்டிக்கும் கண்டனம் தெரிவித்தது. உயிர் சமம் என்பது எப்போது அரசியல் ஆகிறது என்று அவர்களிடம் ஓர் அட்டவணை இருக்கிறது போலும்.

இனி உங்களிடம் ஒரு கோரிக்கை. இந்த மண்டபத்தில் தோட்டச் சுற்றுப்போட்டிகளை நடத்துபவர்கள் சிலர் இருக்கிறீர்கள். ஒவ்வொரு சுற்றுப்போட்டியிலும் ஜேர்சி யாராவது ஓர் அரசியல்வாதியின் அன்பளிப்பு. நெஞ்சிலோ முதுகிலோ அவருடைய சிரித்த முகம். பையன் பந்தைத் துரத்தும்போது அந்த முகமும் கூடவே ஓடுகிறது. அதை அரசியல் வாசகம் என்று எந்த நடுவரும் தடுத்ததில்லை. பூட்ஸ் வாங்க வசதியில்லாத அணி, கொடுப்பதை வாங்கிக்கொள்கிறது. பிள்ளைகளை நான் குறை சொல்ல மாட்டேன். அடுத்த முறை விதிமுறைத் தாள் அச்சடிக்கும்போது இரண்டு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். ஜேர்சியில் எந்த அரசியல்வாதியின் படமும் பெயரும் இருக்கக்கூடாது. அவர் காசு தருவதானால் தரட்டும், இறுதிப் போட்டி நாளில் ஒலிபெருக்கியில் நன்றி சொல்லுங்கள். இரண்டாவது, முதுகில் இலக்கத்துக்குக் கீழே ஒரு சாண் இடத்தை அணிக்கே விடுங்கள். தோட்டத்தின் பெயர், டிவிசனின் பெயர், காணாமல் போன பாதையின் பெயர், கேட்கும் சம்பளத் தொகை, பெண்பிள்ளைகள் அணி என்றால் அவர்களுக்குத் தோன்றுவது எதுவோ அது. வெற்றாக விட்டாலும் சரி. இன்னொரு சமூகத்தை இழிவுபடுத்துவது கூடாது என்ற ஒரே நிபந்தனை போதும். ஒரு சீசன் நடத்திப் பாருங்கள். என்ன எழுதினார்கள் என்று எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். கேள்விகள் இருந்தால் பின்வரிசையிலிருந்தே தொடங்கலாம்.